கிரீடத்தின் ஊர்: கோபன்ஹேகனில் ஒரு நடை



சென்ற ஜூலை மாதம் நம் சபையார் தரங்கம்பாடிக்குச் சென்றிருந்தபோது, புதிய எருசலேம் ஆலயத்தின் முன் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். அப்போது நம் வாலிபர் ஒருவர் முகப்பின் உச்சியைச் சுட்டிக்காட்டி, "அங்கே ஏன் ஐயா கிரீடம் இருக்கிறது? ஆண்டவருடைய கிரீடமா?" என்று கேட்டார். அது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் பெயரெழுத்துச் சின்னம் என்றும், அவர் அனுப்பியதால்தான் சீகன்பால்க் ஐயர் இக்கரைக்கு வந்தார் என்றும், இவ்வாலயம் 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது என்றும் சொன்னேன். அவர் தலையசைத்தார். ஆனால் பேருந்தில் திரும்பும்போது கைபேசியில் எதையோ வாசித்துவிட்டு என் அருகே வந்து அமர்ந்தார். "இதே அரசருடைய கொடியின் கீழ் அடிமைக் கப்பல்களும் ஓடியிருக்கின்றன, ஐயா. அந்தக் கிரீடத்தின் கீழே நின்று நாம் எப்படி ஸ்தோத்திரம் சொல்வது?"

அன்று நான் கூறிய பதில் எனக்கே திருப்தி தரவில்லை. ஆகையால் இந்த வாரம் உங்களை அந்தக் கிரீடத்தின் ஊருக்கே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கோபன்ஹேகனில் சுற்றுலாப் பயணிகளை வழிகாட்டிகள் குழுவாக நடத்திச் செல்லும் பாதை ஒன்று உண்டு. இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நகரத்தை முடித்துவிடலாம். அதே பாதையில் நாமும் நடப்போம். அவர்கள் வேகமாகக் கடந்துவிடும் சில இடங்களில் மட்டும் நாம் சற்றே தாமதிப்போம்.

நடை பெரும்பாலும் 'அரசரின் புதிய சதுக்கம்' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட பெரிய சதுக்கத்தில் தொடங்கும். நடுவே ஐந்தாம் கிறிஸ்டியன் அரசர் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். அங்கிருந்து கடலை நோக்கி ஒரு கால்வாய் ஓடுகிறது. அதன் பெயர் நியூஹாவ்ன், அதாவது புதிய துறைமுகம். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வண்ணம் பூசிய வீடுகள் நீரோரம் வரிசையாக நிற்கும் படத்தை நாட்காட்டிகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது இந்த இடம்தான். 1670களில் இக்கால்வாய் வெட்டப்பட்டபோது வேலை செய்தவர்களுள் சுவீடன் தேசத்துப் போர்க்கைதிகளும் இருந்தனர். சிறுவர் கதைகள் எழுதிய ஆன்டர்சன் இக்கரையின் மூன்று வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு காலங்களில் குடியிருந்தார். அவருடைய கடற்கன்னியின் சிலையைக் காண இன்னும் வெகுதூரம் வடக்கே நடக்கவேண்டும். நாம் அங்கே போகப்போவதில்லை. போனவர்கள் பலரும் சிலை மிகச் சிறியதாக இருக்கிறதே என்றுதான் சொல்லித் திரும்புகிறார்கள்.

நீரோரமாகச் சிறிது நடந்தால் அமாலியன்போர்க் அரண்மனைச் சதுக்கம் வருகிறது. எண்கோண வெளி, அதைச் சுற்றி ஒன்றுபோல் நான்கு மாளிகைகள். டேனிஷ் அரச குடும்பம் இன்றும் இங்கேதான் வசிக்கிறது. கரடித்தோல் தொப்பியணிந்த காவலர்கள் மாறும் நேரம் பார்த்துக் குழுக்கள் வந்து குவியும். எல்லோருடைய கண்களும் காவலர்மேல் இருக்கும்போது நீங்கள் நடுவிலிருக்கும் வெண்கலச் சிலையைப் பாருங்கள். ஐந்தாம் பிரெடெரிக் அரசரின் குதிரைவீரச் சிலை அது. பிரெஞ்சுச் சிற்பி சாலி பல ஆண்டுகள் உழைத்து உருவாக்க, 1771இல் திறந்து வைக்கப்பட்டது. அதற்கான பணத்தைக் கொடுத்தது அரசுக் கருவூலம் அன்று, ஆசியக் கம்பெனி. சீனத்துத் தேயிலையும் நம் சோழமண்டலக் கரையின் துணியும் ஏற்றிவந்து விற்ற கம்பெனி அது. அந்நாளில் தரங்கம்பாடியும் அதன் ஆளுகையில்தான் இருந்தது. ஆகவே அந்த வெண்கலக் குதிரையின் விலையில் நம் கரையின் நெசவாளர் ஒருவருடைய தறிச் சத்தமும் கலந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

சதுக்கத்தின் மேற்கே பச்சை நிறக் குவிமாடத்துடன் தெரிவது பிரெடெரிக் ஆலயம். மக்கள் பளிங்கு ஆலயம் என்பார்கள். 1749இல் அஸ்திபாரம் போட்டார்கள். பணம் போதாமல் 1770இல் வேலை நின்றது. நூறு ஆண்டுகளுக்கு மேல் பாழடைந்த மதில்களாகக் கிடந்து, கடைசியில் ஒரு வங்கிச் செல்வந்தரின் முயற்சியால் 1894இல்தான் முடிந்தது. கட்டடக் குழுவில் உள்ள நம் சபை மூப்பர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

இப்போது அரண்மனையை விட்டுத் துறைமுகப் பக்கம் திரும்புங்கள். சுங்கச்சாவடித் தெரு என்று பொருள்படும் பெயருடைய தெருவையும் நீர்க்கரையையும் ஒட்டி, நீண்ட பழைய கிடங்கு ஒன்று நிற்கிறது. 1780களின் தொடக்கத்தில் எழுந்த மேற்கிந்தியக் கிடங்கு அது. கரீபியன் கடலில் டென்மார்க்குக்கு மூன்று தீவுகள் இருந்தன: செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய். அங்கே கரும்புத் தோட்டங்களில் விளைந்த சர்க்கரை இத்துறைமுகத்தில் வந்து இறங்கிற்று. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்ட அடிமைகள். டேனிஷ் கப்பல்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்து கொண்டுசென்ற மனிதரின் தொகை ஏறத்தாழ ஒரு இலட்சம் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

அந்த மனிதரை எதைக் கொடுத்து வாங்கினார்கள்? துப்பாக்கி, சாராயம், இரும்பு ஆகியவற்றோடு இந்தியப் பருத்தித் துணியும் கொடுக்கப்பட்டது. கினிக் கரையின் சந்தையில் இந்தியத் துணிக்கு மிகுந்த மதிப்பு இருந்தது. நம் பக்கத்துத் துறைமுகங்களில் கப்பலேறிய துணி ஐரோப்பாவின் துறைகளில் இறங்கி, மறுபடியும் ஏற்றப்பட்டு, ஆப்பிரிக்கக் கரையில் மனிதருக்கு விலையாயிற்று. நெய்தவருக்கு அது தெரியாது.

டென்மார்க்தான் ஐரோப்பாவில் முதன்முதலாக அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது என்று வழிகாட்டிகள் பெருமையோடு சொல்வதைக் கேட்பீர்கள். அது பொய்யன்று. 1792இல் கட்டளை பிறந்தது. ஆயினும் அது நடைமுறைக்கு வந்தது 1803இன் தொடக்கத்தில். இடைப்பட்ட பத்தாண்டுகளில், தடை வருமுன் வேண்டிய ஆட்களை வாங்கி வைத்துக்கொள்ளும்படி தோட்டக்காரருக்கு அரசே கடன் கொடுத்தது. வியாபாரம் நின்ற பின்னும் அடிமைத்தனம் 1848 வரை நீடித்தது. அந்த ஆண்டில் செயின்ட் குரோய் தீவின் அடிமைகள் திரண்டெழுந்த பிறகே விடுதலை அறிவிக்கப்பட்டது. 2018இல் இக்கிடங்கின் முன் ஒரு கறுப்பினப் பெண்ணின் மாபெரும் சிலை எழுந்தது. ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் கரும்பு வெட்டும் கத்தியுமாக அவள் சிங்காசனத்தில் அமர்ந்திருந்தாள். 1878இல் அத்தீவின் கூலித் தொழிலாளர் எழுச்சியை நடத்தியவர்களுள் ஒருவரான மேரி தாமஸின் நினைவாக இரண்டு பெண் கலைஞர்கள் உருவாக்கிய சிலை அது. குதிரைமேல் அமர்ந்த அரசர்கள் நிறைந்த இந்நகரில் அப்படியொரு சிலை அதற்குமுன் இருந்ததில்லை.

இங்கே நின்றுகொண்டு நம் வாலிபரின் கேள்வியை மறுபடியும் நினைக்கிறேன். 1718இல் தரங்கம்பாடி ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது என்று அவரிடம் சொன்னேன் அல்லவா? அதே 1718இல், மார்ச்சு மாதம் 25ஆம் தேதி, செயின்ட் ஜான் தீவில் தோட்டங்கள் அமைப்பதற்காக டேனிஷ் கொடி நாட்டப்பட்டது. தோட்டக்காரர்களோடும் சிப்பாய்களோடும் அடிமைகளும் அன்றே அங்கே இறக்கப்பட்டார்கள். கொடி நான்காம் பிரெடெரிக்கினுடையது. ஒரே ஆண்டு, ஒரே கிரீடம். பேருந்தில் எனக்கு இது தெரிந்திருந்தால், அன்று அவ்வளவு எளிதாகப் பேசியிருக்கமாட்டேன்.

நடை தெற்கே, கால்வாய்கள் சூழ்ந்த கோட்டைத் தீவை அடைகிறது. இன்று நாடாளுமன்றம் கூடும் கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனை அங்கே இருக்கிறது. அதன் அருகில்தான் போர்சன் என்னும் பழைய வணிகக் கூடம். நான்காம் கிறிஸ்டியன் அரசர் கட்டியது. நான்கு வேதாளப் பாம்புகளின் வால்கள் முறுக்கிக்கொண்டு வானத்தை நோக்கி ஏறுவதுபோன்ற அதன் கோபுரம் நானூறு ஆண்டுகளாக இந்நகரின் அடையாளமாயிருந்தது. 2024 ஏப்ரல் 16 அன்று, பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தீப்பிடித்து அக்கோபுரம் சரிந்து விழுந்தது. தீ பரவுகையில் தெருவில் போன சாதாரண மக்களும் உள்ளிருந்த பெரிய ஓவியங்களைச் சுமந்து வெளியேற்ற உதவினார்கள் என்று செய்தித்தாள்களில் வாசித்திருப்பீர்கள்.

இந்த நான்காம் கிறிஸ்டியனின் காலத்தில்தான் தரங்கம்பாடிக் கதை தொடங்குகிறது. 1616இல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். அவர் அனுப்பிய தளபதி ஓவே ஜெட்டே 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்தார். அவ்வாண்டில் நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழெழுத்தில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நகரைச் சுற்றிப் பார்ப்பவர்கள் யாரும் அதைத் தேடிப் போவதில்லை. நீங்கள் என்றேனும் அவ்வூருக்குப் போனால், அத்தனை டேனிஷ் எழுத்துகளுக்கு நடுவே நம் எழுத்தும் ஒரு பெட்டிக்குள் உறங்குகிறது என்பதையாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்டியன்ஸ்போர்க் நிற்கும் இடத்தில் முன்பு பழைய கோபன்ஹேகன் கோட்டை இருந்தது. அதன் இடிபாடுகளை இன்றும் நிலவறையில் இறங்கிப் பார்க்கலாம். இக்கோட்டையில் வாழ்ந்தவர்தான் நம் நான்காம் பிரெடெரிக். இந்தியாவிலுள்ள தம் குடிகளுக்குச் சுவிசேஷம் அறிவிக்க ஆட்களைத் தேடும்படி அரண்மனைப் போதகர் லூட்கென்ஸிடம் அவர் கூறினார். டென்மார்க்கில் ஆள் கிடைக்கவில்லை. ஜெர்மன் தேசத்திலிருந்து இரண்டு மாணவர்கள் வந்தார்கள்: சீகன்பால்க், புளூட்சோ. சீகன்பால்குக்கு அப்போது வயது 23, உடல்நலமும் திடமில்லை. நகரின் பேராயர் போர்னமன் இருவரையும் சோதித்து, தகுதி போதாது என்று திருப்பி அனுப்பினார். அரசர் விடவில்லை. மறுபடியும் சோதிக்கச் செய்தார். 1705 நவம்பர் 11ஆம் தேதி அபிஷேகம் நடந்தது. அதே மாதம் 29ஆம் தேதி 'சோபியா ஹெட்விக்' என்னும் கப்பலில் ஏறினார்கள். முதல் தேர்வில் தவறியவர் ஒருவர்தான் பின்பு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றினார் என்பதைப் பரீட்சை முடிவுகளுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்கவேண்டும்.

ஆனால் இந்நகரிலிருந்து அவர்களுக்கு ஆதரவு மட்டும் போகவில்லை. மிஷனரிகளுக்கு உதவவேண்டும் என்று அரசர் எழுத, அவர்களுக்குத் தடை செய்யவேண்டும் என்று கம்பெனியின் இயக்குநர்கள் தங்கள் தரங்கம்பாடி ஆளுநருக்கு மறைவாக எழுதினார்கள். வியாபாரிகளுக்குப் பயம். மதம் கற்பிக்கப் போனால் உள்ளூர் வணிகர் விலகிப்போவார்கள். அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் நாளை அவர்கள் என்ன கேட்பார்களோ? அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1707 மே 12ஆம் தேதி தரங்கம்பாடியில் சீகன்பால்க் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனிஷ் வீடுகளில் வேலை செய்த அடிமைகளே. மறு ஆண்டில் ஒரு ஏழை விதவையின் பணத் தகராற்றில் அவளுக்காகப் பேசப்போய், ஆளுநர் ஹாசியஸின் கட்டளையால் டேன்ஸ்போர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். நான்கு மாதம். கோட்டையின் மேல் பறந்தது அவரை அனுப்பிய அதே அரசரின் கொடி.

பிறகு அரசர் தபால் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 2000 ரிக்ஸ்டாலர் மிஷனுக்கு ஒதுக்கினார். 1714இல் இந்நகரிலேயே மிஷன் ஆட்சிமன்றம் அமைத்தார். அதன் செயலாளர் வெண்ட் என்பவரோ, அப்போஸ்தலர்போல் ஏழ்மையில் அலைந்து பிரசங்கிக்கவேண்டியவர்கள் ஆலயமும் பள்ளியும் கட்டிக்கொண்டிருப்பது எதற்கு என்று கடுமையான கடிதங்கள் எழுதினார். அவர் கருத்திலும் ஏதோ நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அவர் எழுதியது கோபன்ஹேகனில் கணப்பின் அருகே அமர்ந்து. 1719 பிப்ரவரி 23 அன்று, 36ஆம் வயதில், சீகன்பால்க் மரித்தார். அவருடைய கடைசி மாதங்களை அக்கடிதங்கள் கசப்பாக்கின.

இந்நகரைப் பற்றிய இன்னொரு செய்தி உண்டு. ஆறாம் கிறிஸ்டியன் அரசரின் முடிசூட்டு விழாவுக்காக 1731இல் ஜெர்மனியின் சின்சென்டார்ஃப் பிரபு இங்கே வந்தார். ஒரு பிரபுவின் வீட்டில் பணிசெய்துகொண்டிருந்த அன்டன் என்னும் கறுப்பினத்தவரை இங்கே சந்தித்தார். செயின்ட் தாமஸ் தீவில் அடிமையாயிருந்தவர் அவர். தீவில் தம் சகோதரி இருக்கிறாள், அவளும் மற்றவர்களும் தேவனை அறிய ஏங்குகிறார்கள், ஆனால் சொல்லித்தர ஒருவரும் இல்லை என்று அன்டன் கூறினார். அதன் பலனாக மறு ஆண்டு, 1732 அக்டோபரில், மொரேவிய சபையைச் சேர்ந்த லியோனார்டு டோபர் என்னும் குயவரும் டேவிட் நிட்ச்மன் என்னும் தச்சரும் இத்துறைமுகத்திலிருந்து புறப்பட்டார்கள். கம்பெனி அவர்களைத் தன் கப்பலில் ஏற்ற மறுத்தது. ஒரு டச்சுக் கப்பலில்தான் இடம் கிடைத்தது.

இந்த இருவரும் தங்களையே அடிமைகளாக விற்றுக்கொண்டு கப்பலேறினார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நானே அப்படிப் பிரசங்கித்திருக்கிறேன். அது உண்மையன்று, என் பிழையை இங்கே திருத்திக்கொள்கிறேன். அவர்கள் தங்கள் கைத்தொழிலை நம்பிப் போனவர்கள். அந்த அலங்காரத்தால் நாம் இழந்தது என்னவென்றால், அன்டனை மறந்துவிட்டோம். அழைப்பு பிறந்தது பிரபுவின் உள்ளத்தில் அன்று. அடிமையாயிருந்த ஒருவருடைய வாயில்.

கால்கள் வலிக்கத் தொடங்கியிருக்கும். இன்னும் இரண்டே இடங்கள். நகரின் பேராலயமாகிய மாதா ஆலயம் 1807 செப்டம்பரில் ஆங்கிலேயக் கப்பற்படை குண்டு பொழிந்தபோது எரிந்தது. புதிய கட்டடம் 1829இல் பிரதிஷ்டையாயிற்று. உள்ளே இருபுறமும் தோர்வால்சன் வடித்த அப்போஸ்தலர் பன்னிருவர். யூதாசின் இடத்தில் பவுல் நிற்கிறார். எதிரே இரு கைகளையும் தாழ விரித்த இயேசு கிறிஸ்துவின் பளிங்குச் சிலை. மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை அவர் அழைக்கும் அழைப்பின் முதற்சொற்கள் மட்டும் பீடத்தில் டேனிஷ் மொழியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தலை கவிழ்ந்திருக்கும் சிலையாதலால், எட்ட நின்று பார்த்தால் முகம் சரியாகத் தெரியாது. அருகே போய் முழங்காலிட்டால் தெரியும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் 'புதிய சதுக்கம்'. நாம் புறப்பட்ட சதுக்கம் வேறு. இது அதைவிட மூத்தது, சிறியது. 1795இன் பெருந்தீயில் எரிந்துபோன பழைய நகரமன்றத்தின் எல்லைக்கோடு இதன் தரைக்கற்களில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் மக்கள் தெரியாமலே நடந்துபோகிறார்கள். எதிரே பெரிய தூண்களுடன் நிற்பது நீதிமன்றக் கட்டடம், பேராலயத்தைக் கட்டிய ஹான்சன் கட்டியது. அத்தூண்கள் நிற்கும் இடத்தில் 1727 முதல் அந்தத் தீவிபத்து வரை ஓர் அனாதைப் பிள்ளைகள் இல்லம் இருந்தது. நான்காம் பிரெடெரிக் தம் கடைசி ஆண்டுகளில் நிறுவியது. வேதாகமம் அச்சிடும் உரிமையும் அதற்கே கொடுக்கப்பட்டது; அவ்வருமானம் பிள்ளைகளின் ஆகாரத்துக்கு உதவிற்று. அது திறந்த ஆண்டிலும் செயின்ட் ஜான் தீவில் கரும்பு வெட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. இரண்டுக்கும் கையொப்பம் ஒன்றே.

தம்பி, இதை நீங்களும் வாசிப்பீர்கள் என்று அறிவேன். அந்தக் கிரீடத்தை மறைத்துப் படம் எடுக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது வெறும் அலங்காரம் என்றும் இனிச் சொல்லமாட்டேன். அடுத்த ஜூலையில் மறுபடியும் போவோம். முகப்பின் கீழ் நின்று 1718இன் இரண்டு செய்திகளையும் நீங்களே சபையாருக்குச் சொல்லுங்கள். 1707இல் ஞானஸ்நானம் பெற்ற அந்த ஐந்து பேரையும் அன்டனையும் விட்டுவிடாதீர்கள். அதன்பின் உள்ளே போய் ஆராதிப்போம். பேருந்து வழக்கம்போல் காலை ஐந்து மணிக்கே ஆலய வாசலிலிருந்து புறப்படும்.